பாலன்பூரின் இரண்டு அறுவடைகள்: ஒரு சிற்றூரின் மக்கள்தொகையும் வருமானமும், 1957–2009

உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் 1974-75 ஆம் ஆண்டின் தலா வருமானம், 1960-61 விலைகளில் கணக்கிட்டால், 275 ரூபாய். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1983-84இல், அதே ஊரில் அதே விலைகளில் அது 194 ரூபாய். பசுமைப் புரட்சி வேரூன்றிய காலம் என்று பாடநூல்கள் குறிக்கும் அதே பத்தாண்டில் ஓர் ஊர் தன் வருமானத்தில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டை இழந்துவிட்டது என்று இவ்வெண்களை மட்டும் காண்பவர் முடிவு செய்வார். அம்முடிவு தவறு. ஆயினும் எண்கள் பிழையானவை அல்ல. இந்திய ஊர்களின் வருமான வரலாற்றை எழுத முற்படும் எவரும் இம்முரணைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது.

ஊரின் பெயர் பாலன்பூர். குஜராத்தில் இதே பெயரிலுள்ள நகரத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இது மொராதாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த கிராமமாக ஆய்வுலகில் அறியப்பட்டது. சந்தௌசி என்னும் சந்தை நகரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். பித்தளைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற மொராதாபாத் அதனினும் தொலைவு. இவ்விரு நகரங்களையும் இணைக்கும் இருப்புப்பாதை ஊரை ஒட்டிச் செல்கிறது. ஜர்காவ் என்னும் சிறு நிலையம் ஊரின் விளிம்பிலேயே இருக்கிறது. இந்நிலையம் பின்னர் இக்கதையில் வயல்களைவிடப் பெரிய இடத்தைப் பெறப்போகிறது.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளியல் ஆய்வு மையம் 1957-58இலும் 1962-63இலும் பாலன்பூரை ஆய்ந்தது. அவ்விரு கணக்கெடுப்புகளும் இருந்தமையாலேயே கிறிஸ்டோபர் பிளிஸ், நிக்கோலஸ் ஸ்டெர்ன் ஆகிய இரு பொருளியலாளர்கள் 1974-75இல் அவ்வூரைத் தேர்ந்தனர். அவர்களுடைய நூல் 1982இல் வெளிவந்தது. 1983-84இல் ஜீன் டிரீஸும் நரேஷ் சர்மாவும் அங்கு ஓராண்டுக்கும் மேலாகத் தங்கினர். 1993இல் ஒரு சுருக்கமான மறு ஆய்வு. 2008-09இல் தொடங்கிய சுற்றில் ஹிமான்ஷு, பீட்டர் லான்ஜோ, ஸ்டெர்ன் ஆகியோர் முன்னின்றனர். அதன் விளைவான நூல் 2018இல் வந்தது. பருவநிலை மாற்றத்தின் பொருளியல் குறித்த அறிக்கையால் உலகம் அறிந்த ஸ்டெர்ன், தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதி முழுவதும் இந்தச் சிற்றூரைக் கைவிடவில்லை என்பது பலர் அறியாத செய்தி. தமிழ் ஆய்வுலகத்துக்கு 1916இல் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் தொடங்கிவைத்த இருவேல்பட்டு எவ்வாறோ, வட இந்திய ஆய்வுக்குப் பாலன்பூர் அவ்வாறே. ஒரு வேறுபாடு உண்டு: பாலன்பூரில் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கில் கொள்ளப்பட்டது. மாதிரிக் கணக்கெடுப்பு அன்று, முழுக் கணக்கெடுப்பு.

முதலில் தலைகளின் எண்ணிக்கை. 1957-58இல் 100 குடும்பங்களில் 528 பேர். 1962-63இல் 585 பேர். 1974-75இல் 750ஐ ஒட்டி. 1983-84இல் 143 குடும்பங்களில் 960 பேர். 1993இல் 193 குடும்பங்களில் 1,133 பேர். 2008-09இல் 233 குடும்பங்களில் 1,255 பேர். அரை நூற்றாண்டில் மக்கள்தொகை இரண்டரை மடங்கை நெருங்கியது. ஊரின் நிலமோ வளரவில்லை. ஆகவே ஒரு தலைக்குரிய நிலம் பாதிக்கும் கீழே இறங்கியது. மால்தஸ் கூறிய சூத்திரத்துக்கு இதைவிடத் தூய களம் கிடைப்பது அரிது: மாறாத நிலம், பெருகும் மக்கள், வெளியிலிருந்து வந்து குடியேறுவோர் மிகச் சிலர். சூத்திரப்படி தலா வருமானம் சரிந்திருக்க வேண்டும்.

சரியவில்லை. மிகச் சிறந்த ஆண்டான 1974-75ஐ ஒதுக்கிவிட்டு, முதல் ஆண்டையும் மோசமான 1983-84ஐயும் மட்டும் ஒப்பிட்டாலும் தலா வருமானம் 161 ரூபாயிலிருந்து 194 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. மக்கள் ஏறத்தாழ எண்பது விழுக்காடு பெருகிய காலத்தில் ஊரின் மொத்த வருமானம் இரு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது என்பது இதன் பொருள். நிலம் அகலத்தில் வளரவில்லை, ஆழத்தில் வளர்ந்தது. 1957-58இல் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழப் பாதிக்கே பாசனம் இருந்தது. பாரசீகச் சக்கரத்தை மாடுகள் சுற்றி நீரிறைத்தன. 1974-75க்குள் கிட்டத்தட்ட நிலம் முழுவதும் பாசனம் பெற்றுவிட்டது. பின்னர் பம்புசெட்டுகள் பெருகின. குட்டை ரகக் கோதுமை வந்தது, உரம் வந்தது. ஒரே நிலத்தில் ஆண்டுக்கு இரு போகம் என்பது வழக்கமாயிற்று.

வருமான வரிசையை அடுக்கிப் பார்த்தால்தான் சிக்கல் புலப்படும். 1957-58இல் 161, 1962-63இல் 152, 1974-75இல் 275, 1983-84இல் 194. இரண்டாம் சுற்றிலிருந்து மூன்றாம் சுற்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வளர்ச்சி. மூன்றிலிருந்து நான்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு விழுக்காடு வீழ்ச்சி. 1975இல் ஆய்வு நின்றிருந்தால் பாலன்பூர் பசுமைப் புரட்சியின் வெற்றிச் சான்றாகப் பாடநூல்களில் இடம்பெற்றிருக்கும். 1974-75இலிருந்து மட்டும் தொடங்கியிருந்தால் அதே ஊர் அதே புரட்சியின் தோல்விச் சான்றாகியிருக்கும். இரு வாதங்களுக்கும் ஒரே ஊர், ஒரே முறைமை, பழுதற்ற தரவு.

நடந்தது இதுதான். 1974-75 நல்ல விளைச்சல் ஆண்டு. 1983-84 மோசமான விளைச்சல் ஆண்டு. கோதுமையையே எடுத்துக்கொள்ளலாம். 1974-75இல் ஒரு பீகா நிலத்துக்கு வழக்கமாக எதிர்பார்க்கப்பட்டது சுமார் 100 கிலோ. கிடைத்தது சுமார் 114. 1983-84இல் வழக்கமாக எதிர்பார்க்கப்பட்டது 150 கிலோவுக்கும் மேல். கிடைத்தது சுமார் 101. (அவ்வூர்ப் பீகா சிறியது, ஆறரைப் பீகாவை நெருங்கினால் ஓர் ஏக்கர்.) எதிர்பார்ப்பு ஏறியிருந்தது; கைக்கு வந்தது இறங்கியிருந்தது. எனவே வருமான வரிசை ஊரின் போக்கைக் காட்டவில்லை; ஆய்வாளர் வந்து சேர்ந்த ஆண்டின் வானிலையைக் காட்டியது. ஓராண்டுத் தரவை வைத்து ஓர் ஊரின் நிலையைத் தீர்மானிக்கும் ஆய்வேடுகள் இன்றும் எழுதப்படுகின்றன. அவற்றின் முறையியல் அத்தியாயத்தில் மாதிரி அளவு குறித்துப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும்; அவ்வாண்டு மழை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வரி இராது.

ஆனால் வானிலை மட்டுமே முழு விடையன்று. தலா வருமானத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் பெருக்கி மொத்த வருமானத்தை மீட்டெடுத்தால் வேறொன்று தெரிகிறது. 1974-75க்கும் 1983-84க்கும் இடையில் ஊரின் மொத்த வருமானம் பத்தில் ஒரு பங்களவே குறைந்தது. தலா வருமானத்தில் தெரியும் முப்பது விழுக்காட்டு வீழ்ச்சியின் எஞ்சிய பகுதி, இடைக்காலத்தில் கூடிய இருநூறு பேரால் வந்தது. நல்ல ஆண்டுகளில் பாசனமும் விதையும் மக்கள் பெருக்கத்தை முந்தின. ஓர் அறுவடை தவறிய ஆண்டில் அப்பெருக்கம் தன் கணக்கை ஒரேயடியாக வசூலித்தது. மால்தஸ் பாலன்பூரில் தோற்றார் என்பது சரி. அவர் ஊரை விட்டு முற்றிலும் போய்விடவில்லை என்பதும் சரி.

அப்படியாயின் 1983-84இன் மக்கள் 1974-75இன் மக்களைவிட ஏழைகளா? கூலி வேறு கதை சொல்கிறது. 1950களின் இறுதியில் ஒரு வேளாண் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கோதுமைக்கு ஈடு. 1974-75இல் அது மூன்று கிலோவைச் சற்றே தாண்டியது. 1983-84இல் ஐந்து கிலோவை எட்டியது. தலா வருமானம் வீழ்ந்ததாகக் காட்டும் அதே ஒன்பது ஆண்டுகளில் ஊரின் மிகக் கீழ்நிலையிலிருந்தோரின் நாட்கூலி கோதுமைக் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கூலி என்பது ஓர் அறுவடையோடு ஏறி இறங்கும் இயல்புடையதன்று. அது மெல்ல நகர்வது, நகர்ந்தபின் எளிதில் பின்வாங்காதது. ஆகவே நீண்டகாலப் போக்குக்கு அதுவே நம்பத்தக்க சாட்சி. தலா வருமானத்தை அட்டவணையின் முதல் நிரலில் வைத்துக் கூலியைப் பிற்சேர்க்கைக்குத் தள்ளும் வழக்கம் மறுபரிசீலனைக்குரியது.

1983-84இன் ஆய்வாளர்கள் மற்றொன்றும் செய்தனர். வருமானக் கணக்கு ஒருபுறமிருக்க, ஊரில் மாதக்கணக்காக வாழ்ந்து ஒவ்வொரு குடும்பத்தின் உணவு, வீடு, உடைமை, கடன், நோய் ஆகியவற்றை நேரில் கண்டதன் அடிப்படையில் குடும்பங்களை வறுமை நிலைவாரியாக வரிசைப்படுத்தினர். இவ்வரிசையும் வருமான வரிசையும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஓராண்டு விளைச்சல் பொய்த்த வசதியான விவசாயி வருமான வரிசையில் அடித்தட்டில் நிற்பார். தானியக் குதிர் நிறைந்திருக்கும். தொடர்ந்து வறுமையில் வாடும் நிலமற்ற குடும்பம், வேலை சற்று மிகுதியாகக் கிடைத்த ஆண்டில் வறுமைக்கோட்டுக்கு மேலே வந்துவிடும். பாலன்பூரில் ஓராண்டு வருமானம் வறியவரை அடையாளம் காட்டத் தவறிய இடங்களில் நிலமின்மையும் சாதியும் கூலித்தொழிலும் சரியாகவே சுட்டின.

சாதியைத் தவிர்த்து இவ்வூரின் வருமானத்தைப் பேச இயலாது. தாக்கூர்களும் முராவ்களும் சேர்ந்து மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. தாக்கூர்கள் மரபான மேல்நிலையினர். ஏரைத் தாமே பிடிப்பதைக் கௌரவக் குறைவாகக் கருதியவர்கள். முராவ்கள் உழவையே வாழ்வாகக் கொண்டோர். பாசனமும் புதுவிதையும் வந்தபோது அவற்றின் முழுப் பயனையும் அடைந்தவர்கள் முராவ்களே. சில பத்தாண்டுகளில் அவர்கள் செல்வத்தில் தாக்கூர்களுக்கு நிகராக எழுந்தனர். அவ்வெழுச்சி ஊர் அரசியலையும் மாற்றியது. எட்டில் ஒரு பங்கினரான ஜாட்டவ்கள் சிறு துண்டு நிலமும் கூலி வேலையுமாகவே இருந்தனர். பாசனத்தின் பயன் அவர்களை வந்தடைந்தது வயல்வழியாக அன்று. கூலிவழியாக, அதுவும் தாமதமாக.

ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி கெழு 1957-58இல் 0.336, 1962-63இல் 0.353, 1974-75இல் 0.272, 1983-84இல் 0.310. நல்ல அறுவடை ஆண்டில் அது குறைந்தது. நிலம் ஓரளவு பரவலாக இருந்த ஊரில் வயல் நன்றாக விளைந்தால் பலருக்கும் பங்கு கிடைக்கும் என்பது ஒரு விளக்கம். வாரச் சாகுபடியும் இதில் சேரும். பாலன்பூரின் வாரம் பாடநூல் கூறும் பண்ணையார்–குடியானவர் உறவு அன்று. விளைச்சலில் பாதிக்குப் பாதி என்னும் பங்கில், உழைப்பாளில்லாத கைம்பெண்ணும் உடல் நலிந்தவரும் வெளியூரில் வேலை பார்ப்பவரும் நிலத்தை விடுவர். ஓர் இணை மாடு வைத்திருந்து அதற்குப் போதிய நிலமில்லாதவர் எடுப்பார். மாட்டை அரையாக வாங்க முடியாது, நிலத்தை அரைவாரத்துக்கு எடுக்க முடியும் என்பது பிளிஸும் ஸ்டெர்னும் அளித்த விளக்கத்தின் சாரம். ஆகவே சொந்த நிலத்தின் பரப்பை மட்டும் பார்த்து அக்குடும்பத்தின் வருமானத்தை ஊகிக்க முற்படுவோர் இவ்வூரில் தடுமாறுவர்.

1980களிலிருந்து ஊரின் வருமான வரலாறு மெல்ல மெல்ல வயலை விட்டு இருப்புப்பாதைக்கு மாறுகிறது. 1983-84இலேயே மொராதாபாதிலும் சந்தௌசியிலும் ஆலைகளிலும் இருப்புப்பாதைத் துறையிலும் நிலையான வேலைக்குச் சென்றோர் இருந்தனர். அவ்வேலைகள் அறிமுகத்தாலும் உறவாலும் கிடைத்தவை. சில வேளைகளில் கையூட்டாலும். அறிமுகமில்லாத ஜாட்டவ்களுக்கு அவை எட்டவில்லை. 2008-09இல் வேலைகளின் தன்மை மாறியிருந்தது. நிலையான வேலைகள் குறைந்து, செங்கல் சூளை, கட்டுமானம், சலவைக்கல் மெருகேற்றுதல், இருப்புப்பாதை முற்றங்களில் சுமை ஏற்றி இறக்குதல் எனத் தற்காலிக வேலைகளும், சிறு கடை, பழுதுபார்ப்பு போன்ற சொந்தத் தொழில்களும் பெருகின. கடினமான, பாதுகாப்பற்ற, ஒப்பந்தமில்லாத வேலைகள். ஆயினும் அவற்றுக்குள் நுழைய நிலமோ அறிமுகமோ வேண்டியதில்லை. தாக்கூரும் முராவும் விரும்பாத அவ்வேலைகள் வழியாகவே ஜாட்டவ்கள், ஐம்பதாண்டு ஆய்வில் முதன்முறையாக, ஊரின் சராசரியை நோக்கித் தெளிவாக நகரத் தொடங்கினர். வேளாண்மை கொண்டுவந்த வளர்ச்சி அவர்களைக் கடைசியாக வைத்தது. நகரத்தின் முறைசாராத் தொழில் அவர்களையும் வரிசையில் நிறுத்தியது. முறைசாரா வேலையின் இழிநிலையைச் சரியாகவே கண்டிக்கும் கல்விப்புல எழுத்துகள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2008-09இல் ஜினி கெழு 0.379. ஐந்து சுற்றுகளிலும் அதுவே உச்சம். சாதிகளுக்கிடையிலான இடைவெளி சில இடங்களில் சுருங்க, ஒவ்வொரு சாதிக்குள்ளும் வேலை கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்குமான இடைவெளி அகன்றது. தந்தையின் பொருளாதார நிலை மகனின் நிலையைத் தீர்மானிக்கும் அளவும் கூடியது. 1958–1983 காலத்தைவிட 1983–2009 காலத்தில் தலைமுறைகளுக்கிடையிலான நகர்வு குறைந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. வேளாண்மை ஓங்கியிருந்த காலத்தில் ஓர் உழவரின் முயற்சியோ ஒரு பம்புசெட்டோ குடும்பத்தின் இடத்தை மாற்றக்கூடியதாக இருந்தது. வெளிவேலைக் காலத்தில் தந்தையின் தொடர்புகளும் சேமிப்பும் முன்னைவிடப் பெரும் பங்கு வகித்தன.

கல்வி இதைச் சமன் செய்திருக்கலாம். செய்யவில்லை. 1983-84க்கும் 1993க்கும் இடையில் ஊரின் தொடக்கப்பள்ளி, ஆசிரியர் வராமையால், பெரும்பாலும் பெயரளவிலேயே இயங்கியது. 1993இல்கூட எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெண்களின் உழைப்போ வருமானக் கணக்கின் நிரல்களில் மிகக் குறைவாகவே இடம்பெறுகிறது. எருமை பராமரிப்பு, வறட்டி தட்டுதல், தானியம் புடைத்தல், வயலில் களை எடுத்தல் ஆகியவற்றில் எவ்வளவு ‘குடும்ப வருமானம்’ என்னும் ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோயிற்று என்பதை எந்தச் சுற்றின் அட்டவணையாலும் பிரித்துக் காட்ட இயலாது.

இறுதியாக, மக்கள்தொகை வரிசைக்கே திரும்ப வேண்டும். அதன் கடைசிப் பகுதியில் ஓர் அமைதியான மாற்றம் ஒளிந்திருக்கிறது. 1957–1983 காலத்தில் ஊர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 விழுக்காடு பெருகியது. அடுத்த கால் நூற்றாண்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே. 1993க்கும் 2008-09க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் 1,133 என்பது 1,255 ஆனது. பதினொரு விழுக்காட்டுப் பெருக்கம். உத்தரப் பிரதேசம் முழுவதற்குமான பெருக்கமோ 1991–2001 என்னும் ஒரே பத்தாண்டில் 25 விழுக்காட்டைத் தாண்டியது. 2001–2011இல் 20 விழுக்காடு. பாலன்பூர்ப் பெண்கள் மாநிலத்தின் பிற பெண்களைவிட இவ்வளவு குறைவாகப் பிள்ளை பெற்றனர் என்று கொள்ள இடமில்லை. பிறப்பு விகிதம் எங்கும் போலவே இறங்கியது. அதற்கு மேலும் குறைந்தவர்கள் ஊரை விட்டுப் போனவர்கள்.

போனவர்கள் யார் என்பதைப் பொறுத்தே தலா வருமானத்தின் பொருள் மாறும். வசதியான குடும்பம் நிலத்தை விற்று நகரம் சென்றால் ஊரின் சராசரி இறங்கும், அக்குடும்பம் முன்னேறியிருக்கும். பிழைக்க வழியற்ற குடும்பம் வெளியேறினால் ஊரின் சராசரி ஏறும். அக்குடும்பம் எங்கோ ஒரு நகரத்தின் ஓரத்தில் அதே வறுமையோடு இருக்கக்கூடும். இரு நிலைகளிலும் அட்டவணை ஊரைப் பற்றி உண்மையே சொல்கிறது. ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்வதில்லை. 1957-58இன் அந்த 528 பேரின் வழித்தோன்றல்கள் அனைவரின் வருமானம் என்ன என்னும் கேள்விக்கு, 1,255 பேரை மட்டும் எண்ணி விடை காண முடியாது. பின்வந்த ஆய்வாளர்கள் இதை உணர்ந்தே வெளியேறிய குடும்பங்கள் மீதும் கவனம் செலுத்தினர். ஊரில் எஞ்சியோரிலும் பலர் காலையில் ஜர்காவ் நிலையத்தில் வண்டியேறி மாலையில் திரும்புகின்றனர். அவர்கள் ஈட்டுவது மொராதாபாத்தில், எண்ணப்படுவது பாலன்பூரில்.